கணக்கு தெரிந்துபோன சண்டைகள்: நாற்பதை நெருங்கும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, தோழியரே,

முப்பத்தைந்தைத் தாண்டியும் வீட்டில் ஒரு கன்ட்ரோலரைத் தூசு தட்டி வைத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். ஸ்டீமில் தள்ளுபடி அறிவித்தால் இன்றும் நாலு கேம் வாங்கிப் போடுகிறீர்கள். அதில் பாதியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறந்ததும், தொடக்க ஊரைத் தாண்டி முதல் ஓநாய்க் கூட்டம் எதிரே வரும் இடத்தோடு நின்றுபோகிறது. பழைய கூட்டாளிகள் சேர்ந்தால் "இப்பல்லாம் கேம்ல மனசே ஒட்டல மச்சி" என்று ஒருவர் ஆரம்பிக்க, சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன: வயசாயிடுச்சு, நேரமில்ல, இப்ப வர்ற கேம் எதுவும் சரியில்ல.

இந்த மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் விஷயத்தை விளக்கப் போதாது என்பது என் கட்சி. நமக்குச் சலித்தது ஒரு வகைச் சண்டை. ஆர்பிஜி என்று நாம் சொல்லும் கதாபாத்திர ஆட்டங்கள் நம்மைத் திரும்பத் திரும்பப் போட வைக்கும் அந்தச் சண்டையை நாம் கற்று முடித்துவிட்டோம். பாடம் முடிந்த பிறகும் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் வரும் அலுப்பை முதுமை என்று தவறாகப் பெயரிடுகிறோம்.

நாம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவியோடு இணைத்த பெட்டியில் கேசட் செருகி மாரியோவும் கான்ட்ராவும் ஆடித் தொடங்கினோம். பிறகு பிரவுசிங் சென்டர்; மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ரோட் ராஷ், ஐஜிஐ, வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்டிரைக். ஆர்பிஜி நம்மிடம் கொல்லைப்புறமாக வந்தது. கேம்பாயைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூடக் கணினியில் எமுலேட்டர் போட்டு போக்கிமான் ஃபயர்ரெட் ஆடினோம். நீ ஒன்று அடி, நான் ஒன்று அடிக்கிறேன் என்று முறை வைத்து ஆடும் அந்த ஆட்டம்தான் நம்மில் பலர் ஆடிய முதல் ஆர்பிஜி. அந்தப் பெயர் அப்போது தெரியாது. பிறகு 2011-ல் ஸ்கைரிம், 2015-ல் விட்சர் 3 என்று வாள் நம் கைக்கே வந்தது. முறை போய் வேகம் வந்தது.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். வயதானால் கை தளரும் என்பது கற்பனையில்லை. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசினார்கள். ஆடியவர்களின் வயது 16 முதல் 44 வரை. திரையில் புதிய காட்சி தெரிந்ததிலிருந்து முதல் செயலைச் செய்யும் வரையிலான நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குகிறது என்று கண்டார்கள். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாகப் போட்டன. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மூத்தவர்கள் எளிமையான உத்திகளாலும், ஆட்டம் தரும் குறுக்குவழிகளைத் திறமையாகப் பயன்படுத்துவதாலும் அந்தத் தாமதத்தை ஈடுகட்டிவிடுகிறார்கள்.

இருபத்து நான்கிலேயே கை வேகம் குறையத் தொடங்கிவிடுகிறது என்றால், விட்சர் 3-ஐ நாம் விடிய விடிய ஆடிய காலத்திலேயே நம்மில் பலருக்கு அது தொடங்கியாயிற்று. அன்றைக்கு ஆர்வம் குறையவில்லையே! அதனால் கையைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது, நேரம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறைந்தது நேரத்தின் அளவு மட்டுமில்லை. வீடு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. அதை ரீல்ஸ் தள்ளிக் கழிக்கிறோம். மாறியது நேரத்தின் தன்மை. எந்த நொடியில் குழந்தை எழுந்து அழும், எப்போது அம்மா கூப்பிடுவார், எப்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும் என்று தெரியாத நேரம் அது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டீமன்ஸ் சோல்ஸ் 2009-ல் வந்தது, எல்டன் ரிங் 2022-ல். இரண்டிலும் எதிரி முன்னால் நிற்கும்போது ஆட்டத்தை நிறுத்திவைக்கச் சாதாரணமாக வழியில்லை. மெனுவைத் திறந்தாலும் உலகம் ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரி விடுதியில் அது பெருமைக்குரிய கடினம். தொட்டில் பக்கத்தில் அது வெறும் இடைஞ்சல். முறை வைத்து ஆடும் சண்டையோ நீங்கள் எழுந்து போய்ப் பால் கலக்கிக் கொடுத்துவிட்டு வரும் வரை அப்படியே காத்திருக்கும். ஆகவே நேரமில்லை என்பதைவிட, நம் நேரத்துக்குப் பொருந்தாத சண்டையை ஆடுகிறோம் என்பதே சரி.

மூன்றாவது பதிலுக்கு நீளமாகப் பேச வேண்டியதில்லை. நம்முடைய பதினெட்டு வயதில் வந்தவைதான் மகத்தானவை என்று ஒவ்வொரு தலைமுறையும் பாட்டு, சினிமா, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் சொல்லியிருக்கிறது. 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐ ஆடிய பிறகும் ஒருவர் இப்போதைய கேம்கள் சரியில்லை என்றால், அவர் கேம்களைப் பற்றிப் பேசவில்லை, தன் இளமையைப் பற்றிப் பேசுகிறார்.

அப்படியானால் நிஜமான காரணம் என்ன? அதற்குச் சண்டையின் உள்ளே போக வேண்டும்.

இந்த ஆட்டங்களின் மூலக் குடும்பம் மேசைமேல் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடிய போர் விளையாட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸும் மினசோட்டாவில் டேவ் ஆர்னசனும் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு வீரனை ஒருவர் ஆடத் தொடங்கியதும் சிக்கல் வந்தது: தான் பெயர் வைத்து வளர்த்த வீரன் ஒரே அடியில் செத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அடி தாங்கும் அளவை எண்ணாக்கும் முறையைத் தன் கப்பற்போர் விதிகளிலிருந்து கொண்டுவந்ததாக ஆர்னசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கப்பல் பல குண்டுகளைத் தாங்கும், பிறகு மூழ்கும். அந்த எண்தான் நாம் ஹெச்பி என்று சொல்லும் உயிர்ப்புள்ளி. 1974-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானபோது அதன் வழியே அது உலகுக்குப் போனது. அப்போது கைகாக்ஸுக்கு வயது 35. நமக்கு வயதாகிவிட்டது என்று நாம் அலுத்துக்கொள்ளும் வயதில்தான் அவர் இதைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணும், மேசையில் உருட்டிய பகடையும் பிறகு கணினிக்குள் போயின. 1981-ல் விசார்ட்ரி, அல்டிமா. அவற்றைப் பார்த்து ஜப்பானில் யூஜி ஹோரி 1986-ல் டிராகன் குவெஸ்ட் செய்தார். கை வேகம் இல்லாதவரும் பொறுமையாக லெவல் ஏற்றினால் முடித்துவிடலாம் என்பது அதன் அழகு. அடுத்த ஆண்டு ஃபைனல் ஃபேன்டஸி. 1991-ல் அதன் நான்காம் பாகத்தில் ஹிரோயுக்கி இட்டோ ஒரு மாற்றம் செய்தார்: உன் முறை வரும்வரை நேரப் பட்டை நிரம்பும், நீ யோசித்துக்கொண்டிருந்தால் எதிரி அடித்துவிடுவான். 1997 பிறக்கும் தறுவாயில் வந்த டயப்லோவும் முதலில் முறை வைத்து ஆடும் ஆட்டமாகத்தான் திட்டமிடப்பட்டது. அதன் வடிவமைப்பாளர் டேவிட் பிரெவிக் மனமில்லாமல்தான் அதை உடனடிச் சண்டையாக மாற்றினார். ஒரு சொடுக்கில் எலும்புக்கூடு நொறுங்கி விழுந்ததைப் பார்த்ததும் அவரே வியந்துபோனார். 1998-ல் முதல் பால்டர்ஸ் கேட் நடுவழி பிடித்தது: சண்டை ஓடும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும்.

வெளித்தோற்றம் இப்படி மாறிக்கொண்டே வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே கணக்கு. எதிரிக்கு ஓர் எண். உன் அடிக்கு ஓர் எண். அவன் கவசம் கழித்தது போக மீதியை அவன் எண்ணிலிருந்து குறை. உன் எண் வளர்ந்தால் அவன் எண்ணும் அடுத்த ஊரில் வளர்ந்திருக்கும். பதினைந்து வயதில் இந்தக் கணக்கு நமக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஓநாயும் ஓநாயாகவே தெரிந்தது. எந்த எதிரி நெருப்பைத் தாங்காது, விஷத்தை எப்போது பூச வேண்டும், மருந்து போடுகிறவனை முதலில் வீழ்த்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். அந்தக் கண்டுபிடிப்புதான் இன்பம். இன்றைக்கு எதிரியைப் பார்த்ததும் நூறு உயிர்ப்புள்ளி, ஆறு அடி, நடுவில் ஒரு மருந்து என்று மனம் விடையை எழுதிவிடுகிறது. விடை தெரிந்த கணக்கை நாற்பது முறை போடச் சொன்னால் யாருக்கும் கொட்டாவிதான் வரும்.

எனவே நம் அலுப்பு தேர்ச்சியின் கூலி. வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி, தேர்ந்தவர் எங்கே போவது என்பது.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. கபடி ஆடியவர் ஒரு வயதில் கோட்டுக்கு வெளியே வந்து திண்ணைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போய் ஆடுபுலி ஆட்டத்தில் உட்கார்வார். மூன்று புலி, பதினைந்து ஆடு, கல்தரையில் கீறிய கோடுகள். அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை. அங்கே கைக்கு வேலையில்லை. எந்த ஆட்டைக் கொடுத்து எந்த வழியை அடைப்பது என்பதில்தான் எல்லாம். முறை வைத்து ஆடுவது சிறுபிள்ளைக்கு எளிதாக்கிய வடிவம் என்று கேம் உலகில் ஓர் எண்ணம் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தவர்களிடம் அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த எண்ணம் பெரிய நிறுவனங்களிடமும் இருந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 2016-ல் தன் பதினைந்தாம் பாகத்திலும் 2023-ல் பதினாறாம் பாகத்திலும் முழு உடனடிச் சண்டைக்குப் போனது. மெனுவில் கட்டளையைத் தேர்ந்தெடுப்பதில் என்ன சுவை என்றே இளையவர் பலருக்குப் புரிவதில்லை என்ற கருத்தைக் கேட்டதாகப் பதினாறின் தயாரிப்பாளர் நவோக்கி யோஷிடா பேட்டியில் சொன்னார். அவர் கணிப்பில் பிழை காண நான் வரவில்லை. ஆனால் அதே 2023-ல், பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்து, இருபது முகப் பகடையைத் திரையிலேயே உருட்டி, சுத்தமாக முறை வைத்து ஆடும் பால்டர்ஸ் கேட் 3-ஐக் கொண்டுவந்தது. தி கேம் அவார்ட்ஸில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதையும் வாங்கியது. அதை ஆடியவர்களில் நம்மைப் போன்ற நரை தட்டியவர்கள் மட்டுமா இருந்தார்கள்?

எதிர்த்திசையில் போன கதை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானின் யாகுசா வரிசை 2005-லிருந்து தெருச்சண்டை ஆட்டம். பட்டனைத் தட்டத் தட்டக் குத்து விழும். 2019 ஏப்ரல் 1 அன்று, அடுத்த பாகம் முறை வைத்து ஆடுவதாக ஒரு காணொளி வெளியிட்டார்கள். முட்டாள்கள் தினக் கேலி என்று எல்லோரும் சிரித்தார்கள். சில மாதங்களில் அது நிஜம் என்று தெரிந்தது. 2020-ல் வந்த அந்த ஆட்டத்தின் நாயகன் இச்சிபான், செய்யாத குற்றத்துக்குப் பதினெட்டு ஆண்டு சிறையிலிருந்து 42 வயதில் வெளியே வருகிறான். கையில் காசில்லை, தெருவில் படுக்கை. கூட்டாளிகள், வேலை இழந்த ஒரு போலீஸ்காரரும் வீடிழந்த ஒரு முன்னாள் செவிலியரும். ஆர்பிஜியில் வழக்கமாக ஒருவன் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறுவான் அல்லவா, இங்கே அதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். இச்சிபான் சின்ன வயதில் டிராகன் குவெஸ்ட் பைத்தியம். அதனால் சண்டைகளை அப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறான். உள்ளே அதே பழைய கணக்குதான். ஆனால் அந்தச் சண்டை யாருடையது என்பது மாறிவிட்டது. அது நம் வயதுக்காரன் ஒருவனுடையது.

இன்னும் ஒரு படி போனவர்கள் உண்டு. எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸின் எழுத்தில் 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் தனிச் சண்டை முறையே கிடையாது. நாயகன் 44 வயதுத் துப்பறிவாளன், குடியால் பெயர்கூட மறந்துபோனவன். எதைச் செய்யத் துணிந்தாலும் இரண்டு பகடை உருளும். அவனுடைய திறமைகளே அவன் தலைக்குள் பேசும், சண்டையும் பிடிக்கும். மிகச் சில இடங்களில் துப்பாக்கி வெடிக்கிறது. வெடிக்கும்போது பதறுகிறது, ஏனென்றால் அது நாற்பதாவது ஓநாய் இல்லை.

இரண்டையும் கலந்ததும் உண்டு. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் குழு 2025-ல் வெளியிட்ட கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33 முறை வைத்து ஆடுவதுதான், ஆனால் எதிரி அடிக்கும் கணத்தில் சரியாகப் பட்டனைத் தட்டினால் அடியைத் தடுக்கலாம், திருப்பியும் கொடுக்கலாம். அதன் கதையோ வயதைப் பற்றியது. ஆண்டுக்கொரு முறை ஓர் எண் எழுதப்படும். அந்த வயதுக்காரர்கள் மறைந்துபோவார்கள். எண் ஒவ்வொன்றாக இறங்கி 33-க்கு வந்து நிற்கிறது. தொண்ணூறுகளில் பிறந்தவர்கள் இதைக் கையில் நடுக்கமில்லாமல் ஆட முடியாது!

இனி நம் நடத்தையைப் பற்றி மூன்று சொல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, எளிய நிலையைத் தேர்ந்தெடுக்கக் கூசுவது. ஃபைனல் ஃபேன்டஸி 16-ல் அதற்காகவே சில மோதிரங்கள் இருக்கின்றன. ஒன்றை அணிந்தால் அடி விழும் முன் நேரம் மெதுவாகும். இன்னொன்றை அணிந்தால் தவிர்க்கக்கூடிய அடிகளை நாயகனே விலகித் தவிர்த்துக்கொள்வான். ஆட்டத்தைச் செய்தவர்களே வைத்த மோதிரம் அது. சகதியில் நூறு முறை விழுந்து எழுந்துதான் ஒரு பாஸை வீழ்த்த வேண்டும் என்று நமக்கு நாமே போட்ட சட்டத்துக்கு நாற்பதில் மதிப்பில்லை. கதையும் ஊரும் மனிதர்களும் வேண்டும், சண்டை வேண்டாம் என்றால் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். விட்சர் 3-ல் உலகத்தைக் காப்பாற்றும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மதுக்கடைகளில் க்வெண்ட் சீட்டு ஆடித் திரிந்தவர்கள் எத்தனை பேர்? அன்றைக்கே நம் மனம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.

இரண்டு, இளையவர்களைக் கேலி செய்வது. உங்கள் மகனோ அக்கா பையனோ மொபைலில் பிஜிஎம்ஐ ஆடினால், இதெல்லாம் ஒரு கேமா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அவனுக்கு அந்தக் கணக்கு இன்னும் புதிது. கூட்டாளிகளோடு கத்திக் கத்தி அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். பிரவுசிங் சென்டரில் நாம் செய்ததும் அதுதான். அவன் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். தோற்றால் தோற்றதுதான்.

மூன்று, வாங்குவதை ஆடுவதாக எண்ணுவது. தள்ளுபடியில் வாங்கும் ஒவ்வொரு ஆட்டமும், பழைய நான் திரும்பி வருவேன் என்று நமக்கு நாமே எழுதிக்கொடுக்கும் முன்பணம். அந்தப் பழைய ஆள் வரமாட்டார். அவருக்குக் கணக்கு தெரியாமல் இருந்தது, நமக்குத் தெரியும். தெரிந்ததை மறக்க முடியாது.

சிலருக்கு எந்த வகைச் சண்டையும் இனி வேண்டாம் என்று தோன்றலாம். அதுவும் நேர்மையான முடிவுதான். கன்ட்ரோலரை அண்ணன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நடைக்கோ, புத்தகத்துக்கோ, தோட்டத்துக்கோ போங்கள். இருபது ஆண்டு ஆடியதற்காக ஆயுள் முழுதும் ஆட வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. இன்னும் சிலருக்கு வேண்டியது கேம் அல்ல, பழைய கூட்டமாக இருக்கலாம். அவர்களுக்கு என் பரிந்துரை, எல்லாவற்றுக்கும் மூலமான மேசை ஆட்டம். நாலு பேர், சில பகடைகள், கதை நடத்த ஒருவர். மாதம் ஒரு ஞாயிறு போதும். அங்கே ஓநாய் வந்தால் அதனோடு பேசலாம், அதற்குச் சோறு வைக்கலாம், ஊர்க்காரர்களிடம் போட்டுக் கொடுக்கலாம். கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே அதிக இன்பம், ஏனென்றால் அதை எங்கே மீறலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தள்ளுபடியில் ஒன்றும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்ததில் ஒன்றைத் திறந்து, அதன் சண்டை உங்களிடம் எதைக் கேட்கிறது என்று மட்டும் கவனியுங்கள். கை வேகத்தைக் கேட்டால் தயங்காமல் எளிய நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போட்ட கணக்கையே திரும்பப் போடச் சொன்னால் அன்றே மூடிவிடுங்கள். முடிக்காத ஆட்டம் கடன் பாக்கி ஆகாது. உங்கள் புத்தியையும் மனச்சாட்சியையும் கேட்டால், இதைச் செய்தால் இன்னார் சாவார், செய்யாவிட்டால் இன்னொருவர் சாவார் என்று உங்களை யோசிக்க வைத்தால், அதை விடாதீர்கள். அது நம் வயதுக்கென்றே செய்த ஆட்டம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்